நாலு என்றால் என்ன அர்த்தம்? நம் ஒளிப்பட வட்டத்தின் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

செயற்குழுவினருக்கு,

சென்ற வாரம் நீங்கள் அனுப்பிய அறிவிப்பைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மாதக் கூட்டத்தில் எல்லோருடைய படங்களையும் திரையில் போட்டுப் பேசும் வழக்கம் இனிமேல் இல்லை. படங்களை முன்கூட்டியே அனுப்பிவிட வேண்டும். மூன்று நடுவர்கள் பத்துக்கு மதிப்பெண் போடுவார்கள். சராசரியில் முந்தி வரும் பத்துப் படங்களை மட்டும் கூட்டத்தில் காட்டுவீர்கள். வீட்டிலும் தெருவிலும் தினமும் பார்ப்பவற்றின் படங்களுக்கான ‘அன்றாடம்’ என்ற பிரிவையே எடுத்துவிட்டீர்கள். மூன்று மாதம் சோதித்துப் பார்த்ததில் புகார் எதுவும் வராததால் அடுத்த மாதம் முதல் இது நிரந்தரம் என்று கடைசி வரியில் இருக்கிறது.

புகார் வரவில்லை என்பது உண்மைதான். நானும் வாய் திறக்கவில்லை. சோதனைதானே, முடிந்ததும் பழையபடி ஆகிவிடும் என்று இருந்துவிட்டேன். அது என் தவறு. அதனால் இப்போது எல்லா உறுப்பினர்களும் படிக்கும்படி என் புகாரை எழுதி வைக்கிறேன்.

நான் இந்த வட்டத்தில் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது. என் பிழைப்பு வேறு. வாரத்தில் ஆறு நாள் அதற்குப் போய்விடும். மிச்சமிருக்கும் ஒரு நாளில், அதுவும் விடியற்காலையில் இரண்டு மணி நேரம், கேமராவோடு இருப்பேன். நம்மில் பெரும்பாலானவர்கள் நிலைமை இதுதான். படத்தை விற்றுப் பிழைக்கிறவர்கள் யாரும் இங்கே இல்லை. எடுத்த படத்தைக் காட்ட ஓர் இடம் வேண்டும், காட்டினால் அதைப் பற்றி நாலு பேர் நேர்மையாகப் பேச வேண்டும் என்றுதான் வந்தோம். அந்த இரண்டில் முதலாவதைப் பாதியாகக் குறைத்துவிட்டீர்கள். இரண்டாவதை முழுக்க எடுத்துவிட்டீர்கள்.

பேச்சு என்ன செய்யும் என்று பொதுவாகச் சொன்னால் உங்களுக்குப் புரியாமல் போகலாம். அதனால் ஒரு படத்தின் கதையைச் சொல்கிறேன். பழைய உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும்.

நான் இங்கே காட்டிய முதல் படம் எங்கள் வீட்டு மாடிப்படி. காலையில் மேலே இருக்கும் சின்ன ஜன்னல் வழியாக வெயில் இறங்கி மூன்றாவது படியில் ஒரு கட்டம் போட்டதுபோல விழும். அந்த ஒளிக்கட்டத்தை எடுத்திருந்தேன். படியின் ஓரத்தில் ஒரு குழந்தையின் செருப்பு, ஒற்றைச் செருப்பு, கவிழ்ந்து கிடந்தது. எடுக்கும்போது அதை நான் கவனிக்கவே இல்லை. திரையில் படம் வந்ததும் நம் மூத்த உறுப்பினர் ஒருவர், இப்போது உடல்நலம் இல்லாமல் வீட்டில் இருப்பவர், கேட்டார்: “தம்பி, எதைப் பார்த்து நின்னீங்க?” வெயிலை என்றேன். “அப்ப அந்தச் செருப்பு?” என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

அதற்கப்புறம் கால் மணி நேரம் அந்த ஒற்றைச் செருப்பைப் பற்றித்தான் பேச்சு. ஓரத்தில் பளிச்சென்று இருக்கும் எதுவும் கண்ணை அங்கே இழுத்துவிடும், அதனால் வெட்டிவிடுங்கள் என்றார் ஒருவர். செருப்பை எடுத்துவிட்டால் அந்த வீட்டில் யாருமே இல்லை, வெறும் படிதான் என்றார் ஓர் அக்கா. இன்னொருவர் திரைக்குப் பக்கத்தில் போய் நின்று, கேமரா உயரம்தான் பிரச்சினை, பெரியவர் நின்று பார்க்கும் உயரத்திலிருந்து எடுத்திருக்கிறீர்கள், இரண்டு படி கீழே உட்கார்ந்து எடுத்தால் வெயிலும் செருப்பும் ஒரே கோட்டில் வரும் என்று கையால் கோடு போட்டுக் காட்டினார். ஒளி விழுந்த இடம் முற்றிலும் வெளுத்துப்போய் மரத்தின் ரேகை தெரியவில்லை, எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் விழும் ஒளியின் அளவை, ஒரு ஸ்டாப், பாதியாக, குறைத்திருந்தால் ரேகை நின்றிருக்கும் என்றார் கடைசி வரிசையில் இருந்தவர். நாலு பேர், நாலு கருத்து. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. அவர்கள் அங்கேயே வாதாடிக்கொண்டார்கள்.

மறுநாள் காலை அந்தப் படியில் கீழே உட்கார்ந்தேன். வாரக்கணக்கில் உட்கார்ந்தேன். வெயில் அந்தப் படியில் நிற்பது சில நிமிடம்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. வருடம் நகர நகர சூரியனின் பாதை மாறி, அந்தக் கட்டம் மூன்றாவது படியை விட்டு ஐந்தாவது படிக்குப் போய், ஒரு காலத்தில் காணாமலே போய், பிறகு திரும்பி வந்ததைப் பார்த்தேன். வீட்டுக்குள்ளேயே இருந்த ஒன்றை அத்தனை வருடம் பார்க்காமல் இருந்திருக்கிறேன். எனக்குப் பார்க்கக் கற்றுக் கொடுத்தது அந்தக் கால் மணி நேரப் பேச்சு. அன்று அந்தப் படத்துக்கு ஐந்தரை மதிப்பெண் என்று ஒரு தாள் வந்திருந்தால், நான் அடுத்த மாதம் வேறு ஏதாவது படத்தை அனுப்பியிருப்பேன். படிக்கட்டுப் பக்கம் திரும்பியிருக்க மாட்டேன்.

இனி சோதனை மாதங்களில் நடந்ததைச் சொல்கிறேன்.

இரண்டாவது மாதம் ஒருவர் புதிதாகச் சேர்ந்தார். அவர் யார் என்று சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரியும். ஒரே ஒரு படம் அனுப்பினார். ஜன்னல் ஓரம் ஒரு காலி நாற்காலி. நாற்காலிக் கையில் எண்ணெய்ப் பிசுக்குப் படிந்து வழவழவென்று தேய்ந்த இடம் மட்டும் லேசாக மின்னியது. அவருடைய அப்பா உட்கார்ந்த நாற்காலி, அப்பா போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. இதெல்லாம் நான் பிற்பாடு கேட்டுத் தெரிந்துகொண்டது. படம் இருட்டாக இருந்தது, உண்மை. ஜன்னலின் வெளிச்சத்தை வைத்துக் கேமரா அளந்துவிட்டது. எதிர்வெளிச்சத்தில் எடுக்கும் எவருக்கும் முதலில் நடப்பதுதான். மூன்று நடுவர்களும் போட்ட எண்ணைக் கூட்டி வகுத்து 4.3 என்று அவருக்குப் போயிருக்கிறது. முதல் பத்தில் வராததால் அந்தப் படம் கூட்டத்தில் காட்டப்படவே இல்லை.

அடுத்த மாதம் அவர் வரவில்லை. வழியில் பார்த்தபோது கேட்டேன். “என்ன தப்புன்னு சொல்லியிருந்தா திருத்தியிருப்பேன் சார். நாலுன்னா என்ன அர்த்தம்?” என்றார். நான் பதில் சொல்ல முடியாமல் நின்றேன். அவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம்: நாற்காலியின் மேல் அளவு வைத்து எடுங்கள், ஜன்னல் வெளுத்துப்போனாலும் பரவாயில்லை. அதைச் சொல்ல அரை நிமிடம் ஆகும். பழைய முறையில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்லியிருப்பார். அந்தத் தேய்ந்த கைப்பிடியை யாராவது கட்டாயம் பார்த்திருப்பார்கள்.

மதிப்பெண்ணில் இன்னொரு கோளாறு இருக்கிறது. நீங்களே அனுப்பிய பட்டியலை வைத்துச் சொல்கிறேன். முதல் மாதம் ஒரு படத்துக்கு மூன்று நடுவர்கள் ஒன்பது, மூன்று, ஆறு என்று போட்டார்கள். இன்னொரு படத்துக்கு ஆறு, ஆறு, ஆறு. இரண்டுக்கும் சராசரி ஆறு. ஒருவர் தூக்கி வைத்துக் கொண்டாடி, இன்னொருவர் தள்ளி வைத்த படம் அது. அதில் ஏதோ இருக்கிறது. எல்லோரும் தலையசைத்துவிட்டு நகர்ந்த படத்துக்கும் அதற்கும் பட்டியலில் ஒரு வித்தியாசமும் இல்லை. பழைய கூட்டமாக இருந்திருந்தால் அந்த ஒன்பதும் மூன்றும் எதிரெதிரே உட்கார்ந்து பேசியிருக்கும். அன்றைய இரவின் சிறந்த பகுதி அதுவாகவே இருந்திருக்கும்.

மதிப்பெண் வந்த பிறகு படங்களே மாறிவிட்டன என்பதையும் கவனித்தீர்களா? மூன்று மாதமும் முதல் பத்தில் வந்த படங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். சிவந்த அந்திவானம், அதன் நிறத்தை இன்னும் ஏற்றி வைத்தது. தண்ணீரை முப்பது விநாடி ஷட்டர் திறந்து எடுத்துப் பால்போல ஆக்கியது. கருமேகத்தைக் கரிமேகமாக்கியது. தனித்தனியாகப் பார்த்தால் மோசமான படங்கள் இல்லை. ஆனால் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தொடர்ந்து பார்த்து எண் போட வேண்டிய நடுவருக்குக் கண்ணில் அறைகிற படம்தான் நிற்கும். உறுப்பினர்கள் அதைப் புரிந்துகொண்டார்கள். கால் விநாடியில் எடுத்திருந்தால் அந்தத் தண்ணீருக்கு ஓட்டமும் நரம்பும் இருந்திருக்கும் என்று சொல்ல இப்போது ஆளில்லை.

நிலக்காட்சி எடுப்பவர்களுக்கு இந்த ஏற்பாடு வசதி என்று நீங்கள் நினைப்பது போலத் தெரிகிறது. அவர்களுக்கும் இது நஷ்டம்தான். ஒரு மலைச்சரிவையோ ஏரியையோ காட்டும்போது நாம் எப்போதும் முதலில் கேட்கும் கேள்வி, எத்தனை மணிக்கு எடுத்தீர்கள் என்பது. தமிழ் இலக்கணம் நிலத்தையும் பொழுதையும் பிரிக்காமல் சேர்த்தே முதற்பொருள் என்று வைத்தது. வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் என்று ஒரு நாளை ஆறாகப் பிரித்து, இந்த நிலத்துக்கு இந்தப் பொழுது என்று பொருத்தியும் பார்த்தது. கேமராவோடு வெளியே போகிறவர்களுக்கு இது பாடப்புத்தகச் செய்தியாகத் தோன்றாது. எற்பாட்டில் நெய்தலை வைத்தவருக்கு, சாய்வெயில் தண்ணீரில் என்ன செய்யும் என்று தெரிந்திருக்கிறது. நண்பகலில் பாலையை வைத்தவருக்கு, நிழலே இல்லாத ஒளி ஒரு நிலத்தை எப்படிக் காட்டும் என்று தெரிந்திருக்கிறது.

நம் உறுப்பினர் ஒருவர் ஒரே ஏரிக்குப் பதினொரு விடியற்காலைகள் போய்வந்து ஒரு படம் கொண்டுவந்தார். மூடுபனி. அக்கரை தெரியவில்லை. ஒரு கம்பமும் தண்ணீரில் தெரியும் அதன் நிழலும் மட்டும். நிறமே இல்லாத படம். அதற்கு ஐந்து சொச்சம். அவர் பதினொரு நாள் போனதையும், பத்து நாள் ஏன் வெறுங்கையோடு திரும்பினார் என்பதையும், காற்று சற்றே அசைந்தாலும் அந்த நிழல் உடைந்துவிடும் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள அந்தக் கூட்டத்தில் இருபது பேருக்கு ஆசை இருந்திருக்கும். நான் தனியாக அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கொண்டேன். எல்லோராலும் அப்படிப் போக முடியாது.

பேசினால் ஒரு படம் எடுத்ததோடு முடிந்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். ஆன்செல் ஆடம்ஸ் 1941-இல் நியூ மெக்சிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரின் மேல் நிலா எழுந்ததை எடுத்தார். உலகில் மிகப் புகழ்பெற்ற நிலக்காட்சிப் படங்களில் ஒன்று. அந்த ஒரே நெகட்டிவிலிருந்து பல பத்தாண்டுகள் அவர் பிரதி போட்டுக்கொண்டே இருந்தார். ஆரம்பப் பிரதிகளில் வானம் வெளிறி, மெல்லிய மேகங்கள் தெரியும். பிற்காலப் பிரதிகளில் வானம் ஏறக்குறையக் கருப்பு. அத்தனை பெரிய கலைஞருக்கே தன் படம் முடிந்துவிட்டதாகத் தோன்றவில்லை. நம் உறுப்பினர்கள் ஒரு படத்தைப் பேச்சுக்குப் பிறகு மறுபடி வெட்டி, மறுபடி வெளிச்சம் திருத்தி, அடுத்த மாதம் கொண்டுவந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுவார்கள். அது நம் வட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பழக்கம். ஒருமுறை மதிப்பெண் வாங்கிய படத்தை மறுபடி அனுப்பக்கூடாது என்ற புது விதியால் அதுவும் போயிற்று.

அடுத்து ‘அன்றாடம்’.

இந்தப் பிரிவை நீக்கியதற்கு உங்கள் அறிவிப்பில் ஒரே வரிக் காரணம்தான் இருக்கிறது: இந்த மாதிரிப் படங்களை இப்போது யார் வேண்டுமானாலும் போனில் எடுக்கிறார்கள். இந்த வரி என்னை மிகவும் வருத்தியது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பது 1888-லேயே வந்துவிட்டது. ஜார்ஜ் ஈஸ்ட்மன் விற்ற முதல் கோடாக் கேமராவுக்குள் நூறு படத்துக்கான ஃபிலிம் இருந்தது. எடுத்து முடித்ததும் கேமராவையே தொழிற்சாலைக்கு அனுப்பிவிட்டால் படங்களைக் கழுவிப் பிரதி போட்டு, புது ஃபிலிமும் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். பொத்தானை அழுத்தத் தெரிந்தால் போதும். அந்த எளிய கேமராவால்தான் சாதாரண வீடுகளின் சாதாரண நாட்கள் படத்தில் தங்கின. நம்மைப்போன்ற அமெச்சூர்களுக்கு வாசல் திறந்ததும் அங்கேதான்.

ஒளிப்படக் கலையின் ஆரம்பத்தைப் பாருங்கள். இன்று நம்மிடம் இருக்கும் மிகப் பழைய கேமராப் படம், நீப்ஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 1826 அல்லது 1827-இல் எடுத்தது. என்ன படம்? அவர் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து தெரியும் கூரைகளும் சுவர்களும். பியூட்டர் என்ற வெள்ளீயக் கலவைத் தகட்டில் ஒருவகைத் தாரைப் பூசி, குறைந்தது எட்டு மணி நேரம் வெயில் பட வைத்திருக்கிறார். அதனால் காலை வெயிலும் மாலை வெயிலும் எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டிலும் ஒரே படத்தில் விழுந்திருக்கின்றன. 1838-இல் டாகேர் பாரிஸ் தெரு ஒன்றை மேலிருந்து எடுத்தார். சில நிமிட எக்ஸ்போஷரில் ஓடிய வண்டிகளும் நடந்த மனிதர்களும் பதியாமல் மறைந்துபோக, காலணிக்குப் பாலிஷ் போட்டுக்கொள்ள ஒரே இடத்தில் நின்றவர் மட்டும் தங்கிவிட்டார். ஒளிப்படத்தில் தெரியும் முதல் மனிதர்களில் ஒருவர் அவர். 1844-இல் டால்பட் எடுத்த புகழ்பெற்ற படத்தில் இருப்பது திறந்த கதவு, அதில் சாய்த்து வைத்த ஒரு துடைப்பம். ஜன்னல், தெரு, துடைப்பம். இந்த மூன்றையும் நம் வட்டத்துக்கு அனுப்பினால் இப்போது எந்தப் பிரிவில் சேர்ப்பீர்கள்?

யோசெஃப் சூடெக்கை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர். அந்த ஒற்றைக் கையோடு பெரிய கேமராக்களைச் சுமந்து படமெடுத்தார். 1940 முதல் 1954 வரை, பிராக் நகரில் தன் ஸ்டூடியோவின் ஜன்னலை மறுபடி மறுபடி எடுத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் நீர்த்திவலை, அதற்குப் பின்னால் வளைந்த ஒரு மரம், சில நேரம் ஜன்னல் விளிம்பில் ஏதோ ஒரு பொருள். அந்தப் படங்களைப் பார்த்த பிறகுதான் என் மாடிப்படிக்கு நான் வெட்கப்படாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன். 1976-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் வில்லியம் எகிள்ஸ்டனின் வண்ணப் படங்களை வைத்தபோது, இதெல்லாம் ஒரு படமா என்று விமர்சகர்கள் பலர் கடுமையாகத் தாக்கினார்கள். அதில் இருந்தது ஒரு குழந்தையின் மூன்று சக்கர வண்டி போன்றவை. இன்று ஒளிப்படம் கற்பவர்கள் அந்த வண்டிப் படத்தைத் தாண்டாமல் போக முடியாது.

விதிகளை வைத்து எண் போடுவது பற்றியும் ஒரு வார்த்தை. நடுவர்களுக்கு நீங்கள் கொடுத்த தாளில் ‘மூன்றிலொரு பங்கு விதி’க்கு, அதாவது படத்தை நீளத்திலும் அகலத்திலும் மும்மூன்றாகப் பிரித்து முக்கியமானதை அந்தக் கோடுகளில் வைக்கும் விதிக்கு, இரண்டு மதிப்பெண் ஒதுக்கியிருக்கிறீர்கள். அந்தப் பெயரை 1797-இல் ஜான் தாமஸ் ஸ்மித் நிலக்காட்சி ஓவியங்களைப் பற்றி எழுதும்போது வைத்தார். அப்போது ஒளிப்படமே பிறக்கவில்லை. பயனுள்ள விதிதான், நானும் கடைப்பிடிக்கிறேன். ஆனால் அதற்காக எந்தப் படத்துக்கும் இரண்டு மதிப்பெண் கொடுக்கவோ பிடுங்கவோ முடியாது. ஜூலியா மார்கரெட் கேமரன் 48 வயதில் முதல் கேமராவைப் பரிசாகப் பெற்றுப் படமெடுக்க ஆரம்பித்தவர். குவியம் சரியில்லை, தகட்டில் கறை இருக்கிறது என்று அன்றைய ஒளிப்படச் சங்கத்தினர் அவர் படங்களைக் குறை சொன்னார்கள். அந்த மங்கலான முகங்களைத்தான் இன்றைக்கு நாம் அருங்காட்சியகங்களில் நின்று பார்க்கிறோம். நாற்காலிப் படத்தை அனுப்பியவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு கேமரன் நினைவு வருகிறது.

விவியன் மையரையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் வாழ்க்கையைக் கழித்த பெண். ஒரு லட்சத்துக்கும் மேலான படங்கள் எடுத்திருக்கிறார். பல சுருள்களைக் கழுவிப் பார்க்கக்கூட இல்லை. 2007-இல் சிகாகோவில் அவருடைய பெட்டிகள் ஏலத்துக்கு வந்தபோதுதான் வெளியே தெரிந்தது. 2009-இல் அவர் இறந்துவிட்டார். அவர் படங்களைப் பற்றி இன்று உலகமே பேசுகிறது, கேட்க அவர் இல்லை. நம் வட்டத்தில் இருப்பவர்கள் ஒவ்வொருவருக்கும், உயிரோடு இருக்கும்போதே தன் படத்தைப் பற்றி இன்னொருவர் பேசக் கேட்கும் வாய்ப்பு இருந்தது.

உங்கள் பக்கத்து நியாயங்களையும் நான் யோசிக்காமல் இல்லை. உறுப்பினர் எண்ணிக்கை கூடிவிட்டது, இரண்டு மணி நேரத்தில் அறுபது படங்களை ஓட்ட வேண்டியிருக்கிறது, ஒரு படத்துக்கு இரண்டு நிமிடம்தான் கிடைக்கிறது என்கிறீர்கள். சரி, அது உண்மையான சிக்கல். அதற்கு வழி, படங்களைக் குறைப்பது. ஒரு கூட்டத்துக்குப் பன்னிரண்டு படம், ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம். யாருடைய படம் என்பதை முறை வைத்து முடிவு செய்யலாம். ஐந்து மாதத்துக்கு ஒருமுறை என் படம் வந்தாலும் எனக்குப் போதும். மற்ற நாலு மாதமும் நான் அடுத்தவர் படங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்வேன். உண்மையில் என் படத்தைவிட மற்றவர்கள் படத்தைப் பேசும்போதுதான் நான் அதிகம் கற்றிருக்கிறேன்.

பேச்சில் சிலர் மனம் புண்பட்டார்கள் என்கிறீர்கள். அதையும் மறுக்க மாட்டேன். போன வருடம் ஒரு மூத்தவர் ஓர் இளைஞரின் படத்தை “இதை டெலீட் பண்ணியிருக்கலாமே” என்று எல்லோர் முன்னாலும் சொன்னபோது நானும் அங்கே இருந்தேன். அந்தப் பையனின் முகம் சுருங்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது. அப்போதே நாம் அதைத் தடுத்திருக்க வேண்டும். ஆனால் ஒருவர் முறைகெட்டுப் பேசினார் என்பதற்காக எல்லோர் வாயையும் அடைத்தது எப்படி நியாயம்? அந்த இளைஞரிடமும் நான் பேசினேன். அவர் கேட்டது பேச்சை நிறுத்தச் சொல்லி அல்ல. எதற்காக டெலீட் செய்ய வேண்டும் என்று காரணம் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன் என்றார். 4.3 என்பதும் காரணம் சொல்லாத ஏச்சுதான், மரியாதையான எழுத்தில் வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே நான் கேட்பது இவை.

அடுத்த மாதம் முதல் நிரந்தரமாக்கும் முடிவை நிறுத்தி வையுங்கள். செயற்குழுவுக்குள் முடிவெடுக்காமல், எல்லா உறுப்பினர்களையும் கூட்டி, மூன்று மாதத்துப் படங்களையும் பழைய மாதங்களின் படங்களையும் திரையில் போட்டுக் காட்டி, அதற்குப் பிறகு வாக்கெடுங்கள். பெரும்பான்மை மதிப்பெண்தான் வேண்டும் என்றால் நான் கட்டுப்படுகிறேன்.

படங்களைப் பற்றிப் பேசும் கூட்டத்தைத் திரும்பக் கொடுங்கள், கூட்டத்துக்குப் பன்னிரண்டு படம் என்ற கணக்கில். பேச்சுக்கு ஓர் ஒழுங்கு வையுங்கள்: முதலில் பார்ப்பவர்கள் தங்களுக்கு என்ன தெரிகிறது என்று மட்டும் சொல்லட்டும், எடுத்தவர் அதுவரை பேசாமல் இருக்கட்டும். பிறகு அவர் என்ன நினைத்து எடுத்தார் என்று சொல்லட்டும். அதற்கப்புறம்தான் யோசனைகள், ஒவ்வொன்றுக்கும் காரணத்தோடு. ‘நல்லா இருக்கு’, ‘நல்லா இல்லை’ என்று காரணமில்லாமல் சொல்ல யாருக்கும், எத்தனை மூத்தவராக இருந்தாலும், அனுமதி கொடுக்காதீர்கள். நெறிப்படுத்த ஆள் வேண்டும் என்றால் ஒரு வருடத்துக்கு அந்தப் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

‘அன்றாடம்’ பிரிவை மீண்டும் சேருங்கள். பேசித் திருத்திய படத்தை மறுபடி கொண்டுவரவும் அனுமதியுங்கள்.

வருடத்துக்கு ஒருமுறை போட்டி வைத்து மதிப்பெண் போடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அதிலும் ஒவ்வொரு படத்துக்கும் நடுவர் குறைந்தது இரண்டு வரி எழுதித் தர வேண்டும்.

கடைசியாக ஒன்று. நாற்காலிப் படத்தை அனுப்பியவருக்குச் செயற்குழுவிலிருந்து யாராவது ஒருவர் நேரில் பேசி, அடுத்த கூட்டத்துக்கு அந்தப் படத்தோடு வரச் சொல்லுங்கள். பன்னிரண்டில் என் முறை வரும்போது அந்தப் பத்து நிமிடத்தை அவருக்குக் கொடுத்துவிடுகிறேன்.

இம்மாத இறுதிக்குள் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஒன்பது வருட உறுப்பினர் ஒருவர்